வினைமுற்றும் வினையாலணையும் பெயரும்

பிள்ளை வளர்க்கப் பயிற்சி வகுப்பு என்றால் நம்மில் பலருக்கு முதலில் சிரிப்பு வருகிறது. அடுத்துச் சற்றுக் கோபமும் வருகிறது. தட்டச்சுக்கு வகுப்பு உண்டு, கார் ஓட்ட வகுப்பு உண்டு. தாயாக இருப்பதற்குமா வகுப்பு? எட்டும் பத்தும் பெற்று வளர்த்த நம் பாட்டிமார் எந்த வகுப்பில் போய் உட்கார்ந்தார்கள்? கேள்வி நியாயமானதுதான். அதற்கு இயன்றவரை விடை சொல்லிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

உளவியல் நம் துறையன்று. தமிழிலக்கியத்தில் முதுகலை பயின்று, பதினெட்டு ஆண்டுகளாகக் கல்லூரியில் சிற்றிலக்கியமும் இலக்கணமும் நடத்திவரும் நமக்கு இப்பொருள் பற்றிப் பேச உள்ள தகுதி ஒன்றுதான்: பன்னிரண்டு வாரம் அப்படியொரு வகுப்பில் மாணவராக இருந்தோம். அதையொட்டிச் சில நூல்களையும் ஆய்வுகளையும் படிக்க நேர்ந்தது. படித்ததையும் பட்டதையும் சேர்த்தே இங்கே சொல்கிறோம்.

எங்கள் வீடு பாளையங்கோட்டையில். நாங்கள் இருவர், பதினோராம் வகுப்புப் படிக்கும் மகள், தாயார், தங்கை, தங்கையின் மகன் என ஆறு பேர். தங்கையின் கணவருக்குத் தோஹாவில் கட்டுமான நிறுவனத்தில் வேலை; ஆண்டுக்கு ஒரு மாதம் வருவார். 2023ஆம் ஆண்டில் மருமகனுக்கு ஏழு வயது, இரண்டாம் வகுப்பு. பக்கத்துப் பிள்ளையின் பென்சிலைப் பிடுங்குவான். வரிசையில் நின்றால் முன்னால் நிற்பவனைத் தள்ளுவான். ‘எழுது’ என்றால் மேசைக்கு அடியில் போய் உட்கார்ந்துகொள்வான். வீட்டில் செல்பேசியைத் திரும்ப வாங்கினால் தரையில் புரண்டு தெருமுனைவரை கேட்கும்படி அலறுவான். பள்ளியிலிருந்து மூன்று முறை தங்கையை அழைத்துப் பேசினார்கள். நான்காம் முறை, ஆண்டு முடிவில் டி.சி. வாங்கிக்கொள்வது நல்லது என்றார்கள். அன்று பள்ளி டைரியில் எழுதியிருந்த சொற்கள் இரண்டு: முரடன், அடங்காதவன். அவ்விரு சொற்களுக்கும் பின்னால் வருவோம்.

குழந்தைகள் மனநல மருத்துவர் ஒருவரிடம் காட்டினோம். செவித்திறன், பார்வை, உறக்கம், எழுத்தறியும் திறன் எல்லாவற்றையும் சோதிக்கச் சொன்னார். ஆசிரியையிடம் தொலைபேசியில் பேசினார். கடைசியில், இப்போதைக்கு மருந்து வேண்டாம் என்றும், வாரம் ஒருநாள் பன்னிரண்டு வாரம் பெற்றோர் குழுவுக்கு வரவேண்டும் என்றும் சொன்னார். “பிள்ளையைக் கூட்டிக்கொண்டா?” என்றாள் தங்கை. சில வாரங்கள் பிள்ளையோடு, பெரும்பாலும் பெரியவர்கள் மட்டும் என்றார். தங்கையின் முகம் மாறிவிட்டது. “அப்போ தப்பு என் மேலதானா டாக்டர்?” என்று கேட்டுவிட்டாள். அவர் சொன்ன விடை எங்கள் எல்லாருக்கும் நினைவிருக்கிறது: “காய்ச்சலுக்குக் காரணம் அம்மா இல்லை. ஆனால் நெற்றியில் ஈரத்துணி போடப்போவது அம்மாதான். துணி போடக் கற்றுத்தருகிறோம், அவ்வளவுதான்.”

நோயின் காரணம் வேறு, மருந்து சேரும் வழி வேறு என்ற இந்த வேறுபாடு விளங்காவிட்டால் பெற்றோர் பயிற்சி என்ற சொல்லே பழிச்சொல்லாகிவிடும். நம் ஊரில் பிள்ளை தவறினால் ‘வளர்ப்பு சரியில்லை’ என்ற ஒரே வரியில் தாயின் தலையில் எல்லாவற்றையும் ஏற்றிவிடும் வழக்கம் இருப்பதால் இதை முதலிலேயே சொல்லவேண்டியிருக்கிறது.

*

இத்துறையின் வரலாற்றில் பெரிய பெயர் ஜெரால்ட் பாட்டர்சன். அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில், யூஜீன் நகரில் பணிசெய்த உளவியலாளர், 2016இல் மறைந்தார். மருத்துவமனை அறையில் தாயைக் கேள்வி கேட்பதோடு நின்றுவிடாமல், பிள்ளைகள் சண்டையிடும் வீடுகளுக்கே தம் குழுவினரை அனுப்பினார். யார் என்ன சொன்னார், அதற்கு அடுத்தவர் என்ன செய்தார் என்று சில விநாடிகளுக்கு ஒருமுறை குறியீடாக எழுதச் செய்தார். அவ்வாறு பல ஆண்டுகள் பார்த்துத் திரட்டியதை 1982இல் நூலாக்கினார். அவர் கண்டதைத் தமிழில் ‘நெருக்கிப் பணியவைத்தல்’ என்று சொல்லலாம்.

அது இப்படி நடக்கிறது. தாய் ஒன்று சொல்கிறாள். பிள்ளை சிணுங்குகிறது. தாய் குரலை உயர்த்துகிறாள். பிள்ளை அலறுகிறது. அடுப்பில் குழம்பு, வாசலில் விருந்தாளி, தாய் விட்டுவிடுகிறாள். அலறல் அந்த நொடியே நிற்கிறது. இங்கே இருவருக்கும் பரிசு கிடைத்துவிட்டது. அலறினால் கட்டளை நீங்கும் என்று பிள்ளை கற்றது. விட்டுக்கொடுத்தால் அலறல் நீங்கும் என்று தாய் கற்றாள். இன்னொரு நாள் தாய் விடவில்லை, அடித்துவிடுகிறாள். பிள்ளை அடங்குகிறது. அடித்தால் அடங்கும் என்பது அன்றைய பாடம். அடுத்த முறை இருவரும் சென்ற முறை விட்ட படியிலிருந்தே தொடங்குகிறார்கள். ஏணி உயர்ந்துகொண்டே போகிறது. இதில் கெட்டவர் எவரும் இல்லை. அந்தந்தக் கணத்தின் தொல்லையிலிருந்து தப்பிக்க ஒவ்வொருவரும் செய்வது நியாயமாகவே இருக்கிறது. நாள்களைக் கூட்டிப் பார்க்கும்போதுதான் கணக்கு தவறுகிறது.

குழுவில் இதைக் கரும்பலகையில் படிக்கட்டாக வரைந்து காட்டியபோது பதினோரு குடும்பத்தாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். ஆட்டோ ஓட்டுநர் ஒருவர், “இது எங்க வீட்டுல ராத்திரி எட்டு மணி சார்” என்றார்.

இங்கே நம் வீடுகளுக்கேயுரிய ஒரு சிக்கல் உண்டு. மேலைநாட்டுக் கையேடுகளில் பெற்றோர் என்றால் இருவர். எங்கள் வீட்டில் பிள்ளைக்கு ஆணையிடுவோர் ஐவர்; தோஹாவிலிருந்து காணொளியில் பேசும் தந்தையைச் சேர்த்தால் ஆறுவர். தங்கை அலறலைப் பொருட்படுத்தாமல் இருக்கப் பழகினால், ஆச்சி உள்ளேயிருந்து முறுக்கோடு வந்துவிடுவார். பிள்ளை அழுதால் ஆச்சிக்குத் தாங்காது. அது அவருடைய இயல்பு. ஆனால் எப்போதாவது ஒருமுறை பலன் தரும் அழுகைதான் எளிதில் ஓயாத அழுகை என்பது உளவியலில் நெடுங்காலமாக நிறுவப்பட்ட உண்மை. ஒவ்வொரு முறையும் கிடைப்பது நின்றுவிட்டால் பிள்ளை விரைவில் விட்டுவிடும். ஐந்து முறைக்கு ஒருமுறை கிடைத்தால் ஆறாவது முறைக்கும் காத்திருக்கும். லாட்டரிச் சீட்டு வாங்குபவர் மனநிலைதான்.

ஆகவே மூன்றாம் வாரத்திலிருந்து ஆச்சியையும் அழைத்துச் சென்றோம். குழுவில் ‘பெற்றோர்’ என்ற சொல்லை மெல்ல விட்டுவிட்டு ‘வளர்ப்போர்’ என்று சொல்லத் தொடங்கினார்கள். தென்னாப்பிரிக்காவின் கிழக்குக் கேப் மாகாணத்தில் 552 குடும்பங்களைக் கொண்டு நடத்தி 2018இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றிலும் அவ்வாறே, பாட்டியோ அத்தையோ யார் பதின்வயதுப் பிள்ளையை வளர்க்கிறாரோ அவரையே அமரவைத்திருக்கிறார்கள். வளர்ப்போர் பிள்ளைகளைக் கடுமையாக நடத்துவது அங்கே குறைந்தது என்று படித்தோம். நம் நாட்டுக்கு அந்த முன்மாதிரி பொருந்தும்.

*

பயிற்சியின் முதற்பாதியில் கட்டுப்பாடு பற்றி ஒரு சொல்லும் இல்லை. நாள்தோறும் ஐந்து நிமிடம் பிள்ளை தேர்ந்தெடுக்கும் விளையாட்டில் பெரியவர் சேர்ந்துகொள்ளவேண்டும். அந்த ஐந்து நிமிடத்தில் ஆணையிடக்கூடாது, கேள்வி கேட்கக்கூடாது, குறை சொல்லக்கூடாது. பிள்ளை செய்வதைச் சொல்லலாம். பிள்ளை சொன்னதைத் திருப்பிச் சொல்லலாம். நல்லதைக் குறிப்பாகப் பாராட்டலாம்.

இவ்வரிசை ஓரிகனில் கான்ஸ்டன்ஸ் ஹான்ஃப் என்ற உளவியலாளர் 1960களில் வகுத்த இரு கட்ட முறையிலிருந்து வருவது: முதலில் பிள்ளை வழி, பின்னரே பெரியவர் வழி. அதனை 1970களில் விரித்தவர் ஷீலா ஐபர்க். அவருடைய முறையில் தாயும் பிள்ளையும் ஓர் அறையில் விளையாடுவார்கள். கண்ணாடிக்கு மறுபுறமிருந்து பயிற்சியாளர் தாயின் காதிலுள்ள சிறு கருவி வழியே சொல்லித்தருவார். தேர்ச்சிக்கு எண்ணிக்கையும் உண்டு. ஐந்து நிமிடத்தில் குறிப்பான பாராட்டு பத்து, திருப்பிச் சொல்லுதல் பத்து, செயலைச் சொல்லுதல் பத்து. கேள்வி, ஆணை, குறை மூன்றும் சேர்ந்து மூன்றைத் தாண்டலாகாது. எங்கள் குழுவில் கண்ணாடியும் கருவியும் இல்லை. வீட்டில் செல்பேசியில் பதிவுசெய்து கொண்டுவந்து காட்டவேண்டும்.

கேள்வி கேட்காமல் ஒரு பிள்ளையிடம் தமிழில் ஐந்து நிமிடம் பேசிப் பாருங்கள். எவ்வளவு கடினம் என்பது தெரியும். சாப்பிட்டாயா, குளித்தாயா, வீட்டுப்பாடம் முடித்தாயா, எத்தனை மதிப்பெண், யார் பக்கத்தில் உட்கார்ந்தாய் என்று நம் அன்பு முழுவதும் வினாவாகவே வெளிப்படுகிறது. வினா போக எஞ்சியது ஏவல். பிள்ளைகளுக்கென்று நாம் போற்றும் ஆத்திசூடியே ஏவலும் எதிர்மறை ஏவலுமாக அமைந்த நூல். முதல் பதிவில், வகுப்பில் ஒரு மணி நேரம் தடையின்றிப் பேசும் நமக்கு இரண்டு நிமிடத்திற்குமேல் சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை. “சிவப்புக் கட்டையை மேலே வைக்கிறாய். இப்போது பாலம் நீளமாகிறது” என்று சொல்லும்போது கிரிக்கெட் வருணனையாளர் போல் ஒலித்தது. மருமகன் நிமிர்ந்து பார்த்து, “மாமா, ஏன் இப்படிப் பேசுறீங்க?” என்றான். ஆனால் எழுந்து போகவில்லை.

பாராட்டில் வேறொரு தடை. “பிள்ளைய முகத்துக்கு நேரா மெச்சாதீங்க, கண்ணு பட்டுரும்” என்றார் ஆச்சி. இதை மூடநம்பிக்கை என்று ஒதுக்கிவிட்டால் பயிற்சி அந்த இடத்திலேயே நின்றுபோகும். குழுவை நடத்திய அம்மையார் கெட்டிக்காரர். “கண்ணு படுறது பிள்ளை மேலதானே பாட்டி? நாம பிள்ளைய மெச்சலையே, அவன் செஞ்ச வேலையத்தானே மெச்சுறோம்” என்றார். ஆச்சி சிறிது யோசித்தார். “அழகன், கெட்டிக்காரன்னு சொன்னாத்தான் கண்ணு. தட்டைக் கழுவி வச்சான்னு சொன்னா என்ன கண்ணு?” என்று தாமே முடித்துவைத்தார். பயிற்சியின் நடுவான கருத்தை எம் தாயார் எங்களுக்கு முன்னரே பிடித்துக்கொண்டார் என்றே சொல்லவேண்டும்.

*

இலக்கண ஆசிரியராக நமக்கு ஒளி கிடைத்த இடமும் அதுதான். ஒரு பிள்ளை இன்னொரு பிள்ளையை அடித்தது. ‘அடித்தான்’ என்பது வினைமுற்று. நேற்று நடந்தது, முடிந்தது. அதனைப் பார்த்தவர் மறுநாள் ‘நேற்று அடித்தவன் இவன்தான்’ என்கிறார். அடித்தவன் என்பது வினையாலணையும் பெயர். காலம் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது; ஆனால் சொல் இப்போது ஆளைக் குறிக்கிறது; வேற்றுமை உருபை ஏற்கிறது: அடித்தவனை, அடித்தவனுக்கு, அடித்தவனோடு சேராதே. இன்னும் ஒரு மாதத்தில் அது ‘முரடன்’ ஆகிறது. இது வெறும் பெயர். பெயர் காலம் காட்டாது என்பது இலக்கணத்தின் தொடக்கப் பாடம். முரடன் என்ற சொல்லில் நேற்று இல்லை, நாளையும் இல்லை, எப்போதும் முரடன். டைரியில் எழுதியிருந்த இரண்டும் அவ்வாறு காலம் உதிர்ந்துபோன சொற்கள்.

நாங்கள் பயின்ற வகுப்பின் பெரும்பகுதி, பெயராகிப்போன ஒரு பிள்ளையை மீண்டும் வினையாக்கும் வேலைதான் என்று இப்போது தோன்றுகிறது. ‘நல்ல பிள்ளை’ என்பதையும் அவ்வகுப்பு ஏற்பதில்லை, அதுவும் பெயர்தான். ‘ரிமோட்டைக் கேட்டதும் கொடுத்தாய்’ என்றால் பிள்ளைக்கு மறுமுறை செய்வதற்கு ஒரு செயல் கிடைக்கிறது. ஆணைகளும் அப்படித்தான். ‘ஒழுங்காக இரு’ என்றால் எதைச் செய்வது? ‘ஓடாதே’ என்றால் ஓடாமல் வேறென்ன செய்வது? ‘என் கையைப் பிடித்துக்கொண்டு நட’ என்பது ஆணை. ஒரு நேரத்தில் ஒன்று. அருகில் சென்று, இயல்பான குரலில். சொல்லிவிட்டு ஐந்து எண்ணும்வரை காத்திருத்தல். செய்ததும் உடனே அதைச் சொல்லிப் பாராட்டுதல். எழுதினால் இரண்டு வரி. நாவில் பழகுவதற்கு எங்களுக்கு ஐந்து வாரம் ஆயிற்று.

தொடக்கத்தில் எழுப்பிய கேள்விக்கு ஒரு விடை இங்கே இருக்கிறது. அறிவுரைக்கு நம்மிடம் பஞ்சமில்லை. நீதிநூல்கள் இருக்கின்றன, பழமொழிகள் இருக்கின்றன, பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரர் இருக்கிறார். ஆனால் அறிதல் வேறு, பழகுதல் வேறு. அமெரிக்க நோய்த்தடுப்பு நடுவத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2008இல், 77 மதிப்பீடுகளைத் தொகுத்து எந்த உறுப்பு பயன் தருகிறது என்று பார்த்தார்கள். கூடுதல் பயனோடு சேர்ந்துவந்தவை சில: பிள்ளையோடு நல்லுறவாகப் பழகுதல், உணர்வுகளைப் பேசுதல், தண்டனையில் ஒரே சீராக இருத்தல். இவற்றோடு, வகுப்பிலேயே தம் பிள்ளையோடு செய்து பழகுதல். சொற்பொழிவு கேட்டுவிட்டுப் போவது போதாது. பாட்டு வாத்தியார் முன்னால் பாடிக் காட்டுவது போலத்தான்.

கட்டுப்பாடு இரண்டாம் பாதியில் வருகிறது. ‘டைம் அவுட்’ என்று சொல்லப்படுவதைப் பலர் நம் பழைய மூலையில் நிற்கவைத்தல் என்று நினைக்கிறார்கள். அது அவமானம், இது இடைவேளை. ஒரு நாற்காலி, சில நிமிடம், பேச்சு இல்லை, உபதேசம் இல்லை. முடிந்ததும் சொன்ன வேலையை முடித்துவிட்டு விளையாடப் போகலாம். நல்ல நேரம் என்ற ஒன்று வீட்டில் இருந்தால்தான் அதிலிருந்து வெளியேறி இருப்பதற்குப் பொருள் உண்டு. ஐந்து நிமிட விளையாட்டு முதலில் வைக்கப்பட்டதன் காரணம் அது. அடியாத மாடு படியாது என்பது மாட்டுக்கே பொருந்துமா என்பது மாட்டுக்காரர் சொல்லவேண்டியது. பள்ளியில் உடல் தண்டனையையும் மனத்துன்பம் தருவதையும் 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு தடைசெய்திருக்கிறது. வீட்டுக்குள் சட்டம் வருமுன் பயிற்சியாவது வரலாம்.

*

சரி, வீட்டில் இவ்வளவு. விளையாட்டுத் திடலில்? பெற்றோர் பயிற்சியோடு சேர்த்துச் சொல்லப்படுவது சமூகத் திறன் பயிற்சி: வரிசை காத்தல், கேட்டு வாங்குதல், தோற்றால் தாங்குதல், சேர்ந்து விளையாடக் கேட்டல்.

இதில் கென்னத் டாட்ஜ் 1980இல் வெளியிட்ட சோதனை ஒன்று நினைவில் நிற்கிறது. சிறுவர்கள் பாதி முடித்த படப்புதிரை வேறொருவன் கலைத்துவிட்டதாக ஏற்பாடு. வேண்டுமென்றே கலைத்தால் எல்லாச் சிறுவரும் சினந்தார்கள். உதவப் போய்க் கலைந்தது என்றால் எல்லாரும் பொறுத்தார்கள். எதற்காகக் கலைத்தான் என்பது தெளிவில்லாதபோதுதான் வேறுபாடு: சண்டைக்காரர் என்று பெயரெடுத்த சிறுவர்கள் அதனைப் பகையாகவே எடுத்துக்கொண்டார்கள். நம் மருமகனும் அப்படித்தான். வரிசையில் எவன் தோள் பட்டாலும் ‘அவன் இடிச்சான்’ என்பான். பட்டதா, இடித்தானா? இங்கும் வினைச்சொல்லைத் தேர்வதில்தான் எல்லாம் இருக்கிறது.

பிள்ளைத்தமிழில் ஆண்பாலுக்குரிய கடைப் பருவங்களில் ஒன்று சிற்றில். மணலில் வீடு கட்டி விளையாடும் சிறுமியர், அதனைச் சிதைக்க வரும் பாட்டுடைத் தலைவனிடம் சிதைக்கவேண்டாம் என்று இறைஞ்சுவதாக அமைவது. ஆண்டுதோறும் நடத்தும் பகுதிதான். சென்ற ஆண்டு நடத்தும்போது மாணவி ஒருத்தி, “ஐயா, அந்தப் பிள்ளைங்க இத்தனை பாட்டுல கெஞ்சுதுங்க, ஒருத்தர்கூட அவனுக்கு எப்படிச் சேர்ந்து விளையாடணும்னு சொல்லித்தரலையே” என்று கேட்டாள். தலைவன் கடவுளோ மன்னனோ ஆகையால் அங்கே சிதைப்பதும் அருள். அந்த மரபு வேறு. பழைய நூல்களில் எல்லாம் முன்னமே இருக்கிறது என்று சொல்லவும் நாம் வரவில்லை. ஆனால் தெருவில் விளையாடும் பிள்ளைக்கு அவள் கேள்வி பொருந்தும். ‘சிதைக்காதே’ என்று சொல்ல நூறு பேர், ‘நானும் கட்டலாமா?’ என்று கேட்கச் சொல்லித்தர ஒருவர் வேண்டும்.

அதைச் சொல்லித்தரும் இடம் எது என்பதில்தான் ஆய்வுகள் எச்சரிக்கின்றன. தனியறையில் பொம்மை வைத்துக் கற்பித்தால் பிள்ளை ஒப்பிக்கிறது, திடலில் செய்வதில்லை. தெரியாமை ஒன்று, தெரிந்தும் அந்நேரத்தில் செய்ய இயலாமை மற்றொன்று. கவனக்குறைவும் மிகைத்துடிப்பும் உள்ள ஏ.டி.எச்.டி. பிள்ளைகளுக்குத் தனியான சமூகத் திறன் பயிற்சி பயன் தருகிறது என்பதற்குப் போதிய சான்றில்லை என்று காக்ரேன் தொகுப்பாய்வு 2011இலும், புதுப்பிக்கப்பட்ட 2019இலும் கூறியது. இன்னும் கடுமையான செய்தி, தாமஸ் டிஷனும் ஜோன் மக்கார்டும் பிறரும் 1999இல் எழுதியது. தொல்லைதரும் வளரிளம் பருவத்தினரை ஒன்றாகக் கூட்டிவைத்துத் திருத்த முயன்ற சில திட்டங்களில் அவர்கள் இன்னும் கெட்டார்கள். ஒருவன் குறும்பை மற்றவன் சிரித்து ஊக்குவிக்க, பயிற்சியாளர் எதிர்த்திசையில் பேசிக்கொண்டிருந்தார். இதனால் குழுப்பயிற்சியே கூடாது என்பதில்லை. பிரித்தானியாவின் 2013ஆம் ஆண்டு மருத்துவ வழிகாட்டி, 9 முதல் 14 வயதினர்க்குச் சிக்கல் தீர்க்கும் குழுப்பயிற்சியைப் பரிந்துரைக்கவே செய்கிறது. 3 முதல் 11 வயதுவரை அது முதலில் சொல்வது பெற்றோர் பயிற்சியை: 10 முதல் 16 அமர்வுகள், ஒவ்வொன்றும் ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம்.

ஏழு வயதான எங்கள் பிள்ளைக்குச் சொல்லப்பட்டது எளிய வழி. வாரத்தில் ஒருநாள் ஒரே ஒரு பிள்ளையை வீட்டுக்கு அழைத்தல். முக்கால் மணி நேரம். வருமுன் பகிரமுடியாத பொருளை எடுத்துவைத்தல். பெரியவர் அருகில் காய் நறுக்கிக்கொண்டு இருத்தல். இடையில் நடுவராகாமல், விட்டுக்கொடுத்த கணத்தை மட்டும் சொல்லுதல். எதிர்வீட்டுச் சிறுவன் முதலில் தயங்கினான். அவன் தாய் அதைவிடத் தயங்கினார். என் மனைவி போய்ப் பேசி அழைத்துவந்தாள். இரண்டாம் வாரம் கேரம் காய் ஒன்று பறந்தது. ஐந்தாம் வாரம் அவன் தானாகவே வாசலில் வந்து நின்றான்.

*

இதனை வெற்றிக்கதையாக வாசிக்கவேண்டாம். டி.சி. பேச்சு அவ்வாண்டு நின்றது. முறையீடுகள் நிற்கவில்லை, குறைந்தன. தீபாவளிக்கு வந்த தந்தை ஒரு மாதத்தில் விதிகள் அனைத்தையும் அன்பால் கலைத்துவிட்டுப் போனார்; தை மாதம் மீண்டும் தொடங்கினோம். குழுவில் பதினோரு குடும்பத்தில் நான்கு இடையிலேயே நின்றுவிட்டன. அவர்களுக்கு அக்கறை இல்லை என்பதன்று காரணம். செவ்வாய்க்கிழமை பதினோரு மணிக்கு வருவதற்குக் கடையில் அரைநாள் கூலியை விடவேண்டும். ஏழை எளியவர்க்கு இது எடுபடாது என்பாரும் உண்டு. வேல்ஸ் நாட்டில் வசதி குறைந்த பகுதிகளில் 153 பெற்றோரைக் கொண்டு நடத்தி 2007இல் வெளியான ஆய்வு அப்படிச் சொல்லவில்லை; அவர்களுடைய மழலையரின் நடத்தையில் தெளிவான முன்னேற்றம் இருந்தது. அங்கே அமெரிக்காவின் கரோலின் வெப்ஸ்டர்-ஸ்ட்ராட்டன் வகுத்த முறையைப் பின்பற்றினார்கள். எடுபடுவது முறையை மட்டும் பொறுத்ததன்று. நேரம், பேருந்துக் கட்டணம், பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் ஆகியவற்றையும் பொறுத்தது. உலக நலவாழ்வு நிறுவனம் 2023இல் வெளியிட்ட வழிகாட்டி, இத்தகைய பயிற்சி எல்லா நாட்டு வளர்ப்போர்க்கும் எளிதில் கிடைக்கவேண்டும் என்கிறது. நம் ஆரம்பச் சுகாதார நிலையங்களும் அங்கன்வாடிகளும் இருக்கும்போது இடத்துக்குக் குறைவில்லை.

குறை தமிழில்தான். குழுவில் தரப்பட்ட தாள்கள் பாதி ஆங்கிலம். மீதி, அகராதியிலிருந்து எழுந்து வந்த தமிழ். ‘நேர்மறை வலுவூட்டல்’ என்றால் ஆட்டோ ஓட்டுநர்க்கு என்ன விளங்கும்? ‘நடத்தைக் கோளாறு’ என்ற சொல்லைத் தங்கை தன் மகனுடைய தாளில் பார்த்தபோது அதனைக் கைவிரலால் மறைத்துக்கொண்டாள். நோய்க்குப் பெயர் வேண்டும். மருத்துவர்க்கு அது தேவை. ஆனால் தாயின் கையில் தரும் தாளில் செய்யவேண்டியவை வினைச்சொற்களாக இருந்தால் போதும். அப்படியொரு தாளை எழுதிக் கொடுத்தோம். இப்போது அக்குழுவில் அதனைப் படியெடுத்துத் தருகிறார்கள்.

2024 ஜூனில் மூன்றாம் வகுப்பு தொடங்கியது. புது ஆசிரியை பழைய டைரியைப் பார்க்குமுன் ஒரு கடிதம் கொடுத்துவிடலாம் என்று தங்கை சொன்னாள். அவள் சொல்ல நாங்கள் எழுதினோம். காலையில் அவனுக்கு ஒரு வேலை கொடுத்தால் செய்கிறான். தோள் பட்டால் இடித்ததாக நினைக்கிறான். அருகில் வந்து ‘பட்டுவிட்டது’ என்று சொன்னால் விட்டுவிடுகிறான். நீண்ட எழுத்துவேலையைப் பாதியாக்கிக் கொடுத்தால் முடிக்கிறான். முடித்ததைச் சொன்னால் அடுத்ததையும் எடுக்கிறான். சினந்தால் சில நிமிடம் தனியே இருக்கவிட்டால் திரும்பி வருகிறான். ஒரு பக்கம்தான். முடித்துவிட்டுப் பார்த்தபோது அவனைக் குறித்த பெயர் அக்கடிதத்தில் ஒன்றுதான் இருந்தது. அது மேலே எழுதியிருந்த அவனுடைய சொந்தப் பெயர்.